வெள்ளை ரப்பர் வழக்கு

பத்து வயதில் நான் யாரையும் நம்பமாட்டேன். ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர் வேண்டுமென்றே சுற்றுவழியில் போகிறார் என்று சந்தேகம். டீச்சர் விடைத்தாளைப் படிக்காமலே திருத்துகிறார் என்று சந்தேகம். எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பேன். இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்ப்பவர். எந்தக் காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இன்றைக்கு நான் பெங்களூரில் மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறேன். குணம் வீணாகவில்லை என்று அப்பா சொல்லிக்கொள்வார். அந்த நோட்டில் நான் எழுதிய மிகப் பெரிய வழக்கைப் பற்றி அவருக்கும் முழுதாகத் தெரியாது.

அப்போது எங்கள் வீடு மலையாளம் பேசுகிற ஊரில், வலியசாலையில். அம்மாவின் தம்பி, என் மாமா, இஞ்சினியரிங் முடித்துவிட்டு எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்று அப்பா சொல்வார். வேலை தேடவில்லை என்று அதற்கு அர்த்தம். மாமாவின் நினைப்பெல்லாம் லினக்ஸில் இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் காசு தரவேண்டாம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அப்பாவுக்குச் சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது. "சும்மா குடுக்கறான்னா எலி எதுக்கு அம்மணமா ஓடறதுன்னு யோசிக்கணும்" என்பார்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் போட்ட பத்து கம்ப்யூட்டர்கள் வைத்து ஒரு லேப் தொடங்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் பள்ளியின் ஹெட்மாஸ்டருக்கு லினக்ஸில் இண்டர்நெட் வருமா என்றே சந்தேகம். வீட்டில் ஒரு மெஷினை நானே கட்டிக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் சார் என்று மாமா அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாக ஹெட்மாஸ்டர் ஒப்புக்கொண்டார். பிடித்துப்போனால் லேப் முழுவதும் மாமாவின் பொறுப்பு. இல்லையென்றால் என்ன என்பதை அப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற அவருடைய சிநேகிதர் கடையில் ஆள் தேவைப்பட்டது. "அதுவும் ஹார்ட்வேர்தானேடா" என்றார் அப்பா. மாமா சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் சாமான்கள் வந்து இறங்கிய அன்று துர்க்காஷ்டமி. மாமா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"இன்னிக்கு சாயங்காலம் பூஜை வெப்பு. எல்லாத்தையும் கொண்டுபோய் அங்க வை. நாளன்னிக்குக் காலம்பற எடுத்தா போறும்."

"அக்கா, ஞாயித்துக்கெழம அவர் வரார்."

"சரஸ்வதிக்குத் தெரியாதா அது?"

பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை புத்தகத்தையும் தொடக்கூடாது, ஆயுதத்தையும் தொடக்கூடாது. வருஷத்திலேயே எனக்குப் பிடித்த இரண்டு நாள் அது. என் கணக்குப் புத்தகம், அப்பாவின் பேனா, அம்மாவின் தையல் மெஷினோடு மாமாவின் கம்ப்யூட்டரும் பூஜையறையில் ஏறியது. சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, பெட்டிகள் மேல் ஒவ்வொரு பொட்டு வை என்றாள் அம்மா. எனக்கு அதில் திருப்தியில்லை. அட்டைப்பெட்டிக்குப் பொட்டு வைத்தால் உள்ளே இருப்பது என்னவென்று சரஸ்வதிக்கு எப்படித் தெரியும்? அம்மா அந்தண்டை போனதும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மானிட்டருக்கு நெற்றியில் ஒன்று, கீபோர்டுக்கு நடுவில் ஒன்று. வெள்ளிப் பையில் உள்ளங்கையளவு பச்சைக் கார்டு ஒன்று இருந்தது. அதற்கு முகம் எது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் மட்டும் பொன்னிறப் பற்கள் வரிசையாக மின்னின. இவ்வளவு ஜோடனை இருக்கிற பக்கம்தான் முகம் என்று தீர்மானித்து, ஒரு பல் விடாமல் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். விஜயதசமி காலையில் அம்மா சொன்னபடி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, பழையபடி பையிலும் பெட்டியிலும் வைத்து மாமாவிடம் கொடுத்தேன். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற பெண் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் மாமா மெஷினைக் கட்டி முடித்தார். திரையில் ஒரு பென்குவின் வந்தது. அம்மா அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படம் தெரிந்தது, பாட்டுக் கேட்டது. இண்டர்நெட் மட்டும் வரவில்லை. டெலிபோன்காரர்கள் பொருத்திவிட்டுப் போன மோடத்தில் நாலு விளக்கு. கம்ப்யூட்டரோடு சேர்ந்தால் எரியவேண்டிய விளக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. மோடத்திலிருந்து வருகிற ஒயர் அந்தப் பச்சைக் கார்டில்தான் சொருகியிருந்தது. மாமா ஏதோ தட்டிக் கேட்க, மெஷின் இங்கிலீஷில் ஒரு வரி பதில் சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அப்படி ஒரு சாதனமே இல்லைங்கறது."

இது எப்படி? நான் என் கையாலேயே துடைத்துக் கொடுத்த கார்டு. இருக்கிற ஒன்றை இல்லை என்று யாரோ சொல்கிறார்கள். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் அதை மொழிபெயர்க்கிறவர்தான் சந்தேகத்துக்குரியவர். நீல நோட்டைத் திறந்து மாமாவின் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம். கடைக்காரன் யாரோ திருப்பிக்கொடுத்த பழைய கார்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று அப்பா. மாமா கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்கு, பையைக்கூடப் பிரிக்காமல், புதுச் சரக்கு சார் என்று கடைக்காரர் பிள்ளைமேல் சத்தியம் செய்தாராம். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போதெல்லாம் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிப் போடுகிற அம்மாவையும் அப்பா விட்டுவைக்கவில்லை. எதிர்வீட்டு மாமி வந்து, கம்ப்யூட்டர் கொள்ளாமே, நன்னாருக்கே என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்துதான் இந்தக் கஷ்டம் என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினோம். விளக்கு எரியவில்லை.

மாமாவின் சந்தேகம் டிரைவர் மேல். அது அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த சின்ன புரோகிராம், இண்டர்நெட்டில் கிடைக்கும் என்றார். இண்டர்நெட் வருவதற்கே இண்டர்நெட் வேண்டும் என்கிறவரை எப்படி நம்புவது? ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் இருந்த நெட் கஃபேக்குப் போவார், குடையும் மீறி நனைந்து வருவார், என்னென்னவோ தட்டுவார், அதே ஒரு வரி பதில் வரும். மறுபடி கிளம்புவார். மூன்று நாளில் ஐந்து தடவை போனார். இதுவும் நோட்டில் ஏறியது. சனிக்கிழமை சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடியே வைத்திருந்தார். "ஆணிக்கடை ஓடிப்போகாது, சாப்பிடு" என்றார் அப்பா. மாமாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதையும் எழுதினேன், நடிப்பு என்று.

ஞாயிறு காலை மாமா கார்டைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அப்பாவைப் போலவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கம்ப்யூட்டர் கார்டை யாராவது முகர்ந்து பார்ப்பார்களா? முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மாட்டிக்கொண்ட பார்வை என்று நினைத்தேன்.

"குட்டி, கொஞ்சம் குடிக்க வெள்ளம் கொண்டு வா" என்றார்.

தண்ணீரோடு வந்தபோது என் பென்சில் பாக்ஸ் திறந்திருந்தது. நான் பேர் எழுதி வைத்திருந்த வெள்ளை ரப்பரைக் காணோம். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மடியில் எதையோ வைத்து அழித்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் மறைத்தார். அரைமணி கழித்து ரப்பர் பாக்ஸில் இருந்தது, ஒரு மூலை தேய்ந்து, மஞ்சளும் சிவப்புமாகக் கறை படிந்து. இப்படியா ஒருத்தர் தடயத்தைத் திருப்பி வைப்பார்?

கொஞ்ச நேரத்தில் மோடத்தில் நாலாவது விளக்கு எரிந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தன. அம்மா எதிர்வீட்டு மாமியை மன்னித்தாள். என்னடா பண்ணினே என்று அப்பா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை அத்திம்பேர், சும்மா அழுத்தி வெச்சேன்" என்றார் மாமா. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி இருந்தது எனக்கு. எதையோ அழித்திருக்கிறார். அவருடைய இஞ்சினியரிங் மார்க் ஷீட்டாக இருக்கும் என்று தோன்றியது.

நாலு மணிக்கு ஹெட்மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டே வந்தார். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். பத்திரிகைப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொன்னார், திறந்தது. காபியைக் குடித்தபடி தலையாட்டினார். மாமாவின் முகம் நாலு நாளுக்குப் பிறகு முகமாக இருந்தது. அப்போது அப்பா, பெருமையாகத்தான், நாலு நாள் பாடுபட்டு வரவழைத்தான் என்று சொல்லிவிட்டார். என்ன கோளாறு என்று ஹெட்மாஸ்டர் மலையாளத்தில் கேட்டார்.  மாமா, தப்பு தன்னுடையதுதான் என்றும், கார்டைச் சரியாக உட்காரவைக்கவில்லை என்றும் சொன்னார்.

அதற்கு நாலு நாளா என்றார் ஹெட்மாஸ்டர்.

இந்த இடத்தில் உண்மைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. நான் கதவோரத்திலிருந்து முன்னே வந்து, ஹெட்மாஸ்டருக்கு நன்றாகப் புரியவேண்டுமே என்று மலையாளத்திலேயே சொன்னேன். மாமா சொல்வது நிஜமில்லை, இன்று காலை அவர் என் ரப்பரை எடுத்து, யாருக்கும் தெரியாமல் எதையோ அழித்தார், நான் பார்த்தேன் என்றேன். ரப்பரையும் நீட்டிக் காட்டினேன்.

ஹெட்மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். என்ன அழித்தாய் என்று மாமாவைக் கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா பூஜையறை வாசலில் நின்றிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லை சார், குழந்தை" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். காது சிவந்துபோயிற்று. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிற்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

சொல்லியனுப்புகிறேன் என்று போனவர் செவ்வாய்க்கிழமை சொல்லியனுப்பினார். லேபை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம். ஒரு கார்டை உட்காரவைக்கத் தெரியாதவன் என்று அப்பா பேசித் தீர்த்தார்.  மாமா அடுத்த திங்களிலிருந்து சாலைக் கம்போளத்தில் கீலும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கப் போனார். ஒன்றரை வருஷம் போனார். பிறகு கொச்சியில் வேலை கிடைத்து நன்றாகத்தான் இருக்கிறார். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு என் ஆபீஸ் மெஷின் ஒருநாள் கிளம்பவில்லை. சரிபார்க்க வந்த பெண் உள்ளேயிருந்து ஒரு பச்சைத் துண்டைக் கழற்றி, என் மேஜைமேல் இருந்த ரப்பரைக் கேட்காமலே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். எதற்கு என்றேன். இதில் லேசாக அழுக்குப் படிந்தாலும் போதும், இது இருக்கிறது என்பதே மெஷினுக்குத் தெரியாது என்றாள்.

 "சந்தனம் பட்டால்?" என்று கேட்டேன்.

"சந்தனமா? அதை யார் இதில் போய்ப் பூசுவார்கள்?" என்றாள்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். "எந்த ரப்பர்டீ? எனக்கொண்ணும் ஓர்மையில்லையே" என்றார். மறந்துபோயிற்று என்கிற இந்த ஒரு விஷயத்திலாவது அவரை நம்பியிருக்கலாம். நம்ப முடியவில்லை.

ஏனென்றால், ஆணிக்கடைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் அவர் நேராக என்னிடம்தான் வந்தார். விரல் நுனியெல்லாம் துருவும் எண்ணெயுமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதம் பிரிக்காத ஒரு புது வெள்ளை ரப்பரை எடுத்துக் கொடுத்தார். "இனிமே யாருக்காவது பொட்டு வெக்கறதுன்னா, நெத்தி எதுன்னு கேட்டுண்டு வை, கேட்டயா" என்று தலையைத் தடவிவிட்டுக் கை கழுவப் போனார். என்ன உளறுகிறார் என்று நினைத்தேன். குற்றம் செய்யாதவர் எதற்குப் புது ரப்பர் வாங்கித் தரவேண்டும்? நீல நோட்டைத் திறந்து, மாமாவின் பக்கத்தில், குற்றவாளி ஒப்புக்கொண்டார், வழக்கு முடிந்தது என்று பென்சிலால் எழுதி இரண்டு கோடு போட்டேன். புது ரப்பர் கையில்தான் இருந்தது. காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் அதைப் பாக்ஸில் போட்டு மூடினேன்.