சுண்டுவிரல் நுழைந்தால்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வீட்டுச் சாமிப் படத்துக்குச் சரம் வாங்கிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள் சரோஜாவின் மகள். பெரிய மாலை ஒன்று கட்டச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

கிள்ளானில் நம் தாமான் குடியிருப்பில் சரோஜாவை அறியாத வீடு இல்லை. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். என் பக்கத்து வீட்டுக்காரர். அவரைப் பற்றி எழுத நான் பொருத்தமானவனா, தெரியவில்லை. ஆனால் அந்த ஆடி வெள்ளியை நினைத்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வௌவால்களிடமிருந்து பழங்களைக் காக்க, தம் பின்கட்டு மாமரத்தில் பழைய மீன்வலையைக் கட்டியிருந்தார். அன்று காலை, தரையில் தவழ்ந்த அதன் ஓரத்தில் ஒரு மலைப்பாம்பு அசையாமல் கிடந்தது. ஆடி வெள்ளியில் பாம்பு வந்து அமர்ந்தால் விடுவோமா? மஞ்சள், முட்டை, பால்செம்புடன் பாதித் தாமான் கூடிவிட்டது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் நின்று கைகூப்பினேன்.

"அக்கா, சாமி நம்மள விட்டுப் போக மாட்டேங்குது லா!" என்றார் எதிர்வீட்டு மணியம்.

பாசார் சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பிய சரோஜா குனிந்து பார்த்தார். "போக மாட்டேங்குதா? போக முடியல, மணியம்! என் வலை கழுத்த இறுக்குது. பால் ஊத்தாதீங்க, மூச்சு முட்டிச் செத்துரும்!"

மீட்புப் படையை அழைத்தோம்; வர நேரமாகும் என்றார்கள். பாம்பு வாயைத் திறந்து திறந்து மூடியது. சரோஜா உள்ளே ஓடி, காயக்கட்டு வெட்டும் மொட்டைமுனைக் கத்தரிக்கோலும் நனைத்த சாரோங்கும் கொண்டுவந்தார். துணியைப் பாம்பின் தலைமேல் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், தலைய நீங்க புடிங்க."

"இவரா? பல்லியப் பார்த்தாலே வீட்ட விட்டு ஓடுறவரு!" என்று மணியம் சிரித்தார்.

"அதான் கேக்குறேன். பயந்தவங்க புடிச்ச புடிய விட மாட்டாங்க."

பிடித்தேன். ஈரத்துணிக்கடியில் உயிர் துடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. தோலுக்கும் இழைக்கும் நடுவே கத்தரிக்கோலை நுழைத்து, ஒவ்வோர் இழையாக அவர் வெட்டினார். கடைசி இழை அறுந்ததும், "விடுங்க சார்!" என்று கத்தினார். பாம்பு கால்வாய்ப் பக்கம் பாய்ந்தது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தோம். மணியம் சுவர்மேல் ஏறிவிட்டார்! சரோஜா மட்டும் சிந்திய பாலுக்கு நடுவில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அன்றே தம் வலையைத் துண்டு துண்டாக வெட்டி எறிந்தார். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினார். "சுண்டுவிரல் நுழைஞ்சா, ஏதோ ஒண்ணோட தலையும் நுழையும்" என்பார். பொடிக்கண்ணி வலையைத் தொய்வில்லாமல் கட்டச் சொல்வார்; பூப்பந்து வலையை ஆடி முடித்ததும் சுருட்டச் சொல்வார். நான் அந்தச் சாரோங்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். பேசுவதெல்லாம் அவர்தான்.

அந்தச் சுண்டுவிரல் சோதனையைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அழைப்பு வந்த அன்று, பூக்கடைப் பக்கச் சந்தில் பாகற்கொடிக்கு வலை கட்டியிருந்தார்கள். அதன் அடிப்பாகம் தரையில் தொய்ந்து கிடந்தது. மாலை தயாராகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை நீட்டினேன். நுழைந்தது.

"பாஸ்," என்றேன் கடைக்காரரிடம், "ஒரு கத்தரிக்கோல் கிடைக்குமா?"

"எதுக்கு அங்கிள்?"

சொல்லத் தொடங்கினேன்.