எலியக்கா எடுத்த டியூஷன்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளை வளர்ப்பவளுக்கு எலியக்கா என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டாள். அவளுக்குக் கோபம் வருவது தம்பி மனைவியைப் பார்த்தால் மட்டும்தான். இத்தனைக்கும் ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தின் கையைக் காலைப் பிடித்து அவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே எலியக்காதான்.

வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, "இவ கை பட்டா எலி கடிக்கிறதே இல்ல" என்று மேடம் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். பதினெட்டு வருடம் கடி வாங்கியவளுக்கு எப்படி இருக்கும்? அன்று மதியம் எலியக்கா சாப்பிடவில்லை.

அப்போதுதான் அந்த இலைச்சாறு வந்தது. ஒரு கொடியின் இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்து, மூளை நரம்புகள் செத்துப்போவதைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும். கிழட்டு எலிகளில் பாதி எலியக்காவின் சிவப்பு அட்டை மாட்டிய கூண்டுகளில், மீதி தம்பி மனைவியின் நீல அட்டைக் கூண்டுகளில். ஒரு பாதிக்குத்தான் மருந்து, இன்னொன்றுக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். எதற்கு எது என்ற விவரம் மேடத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தது. வாரம் ஒருமுறை எலிகளைத் தொட்டியில் நீந்தவிட்டு, தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை ஞாபகம் வைத்து ஏறுகின்றனவா என்று பார்ப்போம்.

எலியக்காவின் வீட்டுக்காரருக்கும் மறதி நோய்தான். எலிகளிடம் பலித்தால் அடுத்தது மனிதர்கள். அந்தப் பட்டியலில் மேடம் அவர் பெயரையும் எழுதிவைத்திருந்தார்.

மூன்றாவது வாரம் நீல எலிகள் சட்டென்று மேடையேறிவிட்டன. சிவப்பு எலிகள் சுற்றிச் சுற்றி வந்தன.

"என்ன அண்ணி, உங்க பிள்ளைங்க பாடத்த மறந்துடுச்சா?" என்று தம்பி மனைவி சிரித்தாள்.

சாதாரணக் கேலிதான். எலியக்காவால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் தொட்டி அறையை உள்ளே பூட்டிக்கொண்டு டியூஷன் எடுத்தாள். ஒவ்வொரு எலியாகத் தண்ணீரில் விட்டு, விரலால் தள்ளி மேடையைக் காட்டினாள். "ஏறுடா, என் மானத்த வாங்காத." ஒரே மாதத்தில் சிவப்பும் நீலமும் சமம். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

சோதனை முடிந்து அலமாரியைத் திறந்தார்கள்.

"சிவப்புக்கு வெறும் தண்ணிதான்" என்றார் மேடம். "அதுங்களே இவ்வளவு நல்லா பண்ணுதுன்னா மருந்தால ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். இதோட நிறுத்திடலாம்."

எலியக்கா முன்னால் வந்தாள்.

"மருந்து மேல தப்பில்ல மேடம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இவ ஜெயிச்சிடக் கூடாதுன்னு."

மேடம் குறிப்பேட்டை மூடினார். பிறகு, வேறு எலிகளை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், எட்டு மாதம் ஆகும் என்றார். இனி எல்லாக் கூண்டும் தம்பி மனைவி பொறுப்பு.

எட்டு மாதம்! அன்று காலையில்தான் வீட்டுக்காரர் எலியக்காவிடமே, "என் சம்சாரம் எங்க போயிருக்கா?" என்று கேட்டிருந்தார்.

தம்பி மனைவி கூண்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டாள். "நான் நல்லா பாத்துக்கறேன் அண்ணி. அண்ணனுக்கு எப்படியும் மருந்து கிடைச்சிடும்."

எலியக்கா தலையாட்டினாள். இவளால் அது பலிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ளும்போதே வயிறும் எரிந்தது.