முழங்கைப் பூட்டு

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் மட்டும் நான் வெள்ளைக்காரனாக இருந்தேன். இரட்டைச் சடையைத் தொப்பிக்குள் திணித்து, முகம் முழுக்கப் பவுடர் அப்பி, தேங்காய் நாரில் மீசை ஒட்டி, மாமாவின் பழைய போலீஸ் பெல்ட்டில் நாலு புது ஓட்டை போட்டுக் கட்டியிருந்தேன். சுதந்திர தின நாடகத்தில் தியாகிக்குக்கூட இரண்டே வரி வசனம்தான். துரைக்கு ஒன்றரைப் பக்கம். சும்மா விடுவேனா?

கதை அந்நியத் துணி மறியல். துணிக்கடை வாசலில் தொண்டர்கள் கைகோத்து உட்கார்ந்து, சீமைத் துணி வாங்க வருகிறவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கடைக்காரர் துரையிடம் ஓடி வருவார். நான் தண்டோரா போடச் சொல்லி, நூற்று நாற்பத்து நாலு தடையுத்தரவைப் படிப்பேன். கலையாவிட்டால் தடியடி. அப்புறம் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றி, ஊருக்குப் பல மைல் தள்ளிக் காட்டில் இறக்கிவிட்டு வருவது. ஜெயில் நிரம்பிப்போனால் அன்றைய சர்க்கார் அப்படித்தான் செய்ததாம். எங்கள் சரித்திர சார் சொல்லி, எங்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

சிக்கல் தடியடியில் வந்தது. என் போலீஸ்காரர்கள் செல்லமாகத் தட்ட, தொண்டர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கோத்த கையை ஒருவனும் விடவில்லை.

"தடியடியா இது? மாட்டுக்கு ஈ ஓட்டுற மாரி கீது. நாளைக்கும் இப்டியே பண்ணீங்கன்னா துரை வேஷம் பி செக்‌ஷனுக்குப் பூடும்" என்றார் சார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? அம்மாவின் தம்பி நிஜப் போலீஸ்காரர். சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் முறையிட்டேன். மாமாவுக்கு என்னைவிடக் குஷி. தெருப் பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக உட்காரவைத்து, என் கையில் துடைப்பக்கட்டையைக் கொடுத்தார்.

"மண்டைல அடிக்கவே கூடாது பாப்பா. மொதல்ல பூட்ட ஒடைக்கணும். ரெண்டு பேரு கை கோத்துகினு கீறாங்கல்ல, அந்த முழங்கை சந்துல கட்டைய வுட்டு ஒரு திருகு. தன்னால கழண்டுக்கும்."

கழன்றுகொண்டது! நான் குதித்தேன். பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள்.

"இன்னொன்னு பாப்பா. மூஞ்ச மட்டும் பாத்துடாத. பாத்தா கை ஓடாது."

அம்மா அப்போது வீட்டில் இல்லை. பக்கத்துத் தையல் கம்பெனியில் வெளிநாட்டுச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் கம்பெனிப் பெண்கள் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் வீட்டில் ஒழுங்காகக் குழம்பு இல்லை என்பது மட்டும் தெரியும். கடைசி நாள் அம்மா வலது முழங்கை வீங்கி வந்தாள். பஸ் படியில் விழுந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னாள். அதிலிருந்து குடத்தை இடது கையால்தான் தூக்குவாள்.

நாடகத்தன்று பள்ளி மைதானம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் அம்மாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்தில். தண்டோரா முழங்கியது. "மூன்று நிமிடம் தருகிறேன், கலைந்து போங்கள்!" என்று கர்ஜித்தேன். கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. "சார்ஜ்!" என்று நானே முதலில் பாய்ந்தேன். கண்ணைப் பந்தல் மூங்கிலில் வைத்துக்கொண்டு, முழங்கைச் சந்தில் தடியை நுழைத்து ஒரு திருகு. எங்கள் வகுப்பிலேயே தடியனான தொண்டன் "ஐயோ அம்மா!" என்று அலறினான். அது வசனத்தில் இல்லை. எட்டுப் பூட்டும் மளமளவென்று உடைந்தன. அட்டை லாரி கிளம்பியபோது எழுந்த கைதட்டலில் என் மீசையே விழுந்துவிட்டது. மாமா நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார். அம்மா மட்டும் தட்டவில்லை. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வழியிலேயே மாமா மூன்று பிரியாணிப் பொட்டலம் வாங்கினார். வீட்டில் வந்து உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள். "அந்தத் திருகு யாரு சொல்லிக் குடுத்தா?"

"மாமாதான்! மூஞ்சப் பாக்கக் கூடாதும்மா. அதான் ரகசியம்."

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள். "கம்பெனி கேட்டாண்ட நாங்க ஒக்காந்துகினு இருந்தோமே, கடைசி நாளு. நீயும் வந்திருந்தியாடா?"

மாமா பொட்டலத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது அவிழவில்லை. "ட்யூட்டி போட்டாங்கக்கா. அத்தினி பேரு... ஒன்ன நான் பாக்கல. சத்தியமா பாக்கலக்கா."

"தெரியும்டா. பாக்கக் கூடாதுன்னுதான சொல்லிக் குடுத்துகீறாங்க."

மாமா எழுந்தார். சாப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அவரைக் கூப்பிடவும் இல்லை, தன் பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை.

பொட்டலத்துக்கு ஒன்றாக எனக்கு அன்று மூன்று முட்டை கிடைத்தது. வெள்ளைக்காரனாக இருந்தால் இவ்வளவு லாபமா என்று, முகத்துப் பவுடரைக்கூடக் கழுவாமல் சாப்பிட்டேன்.