தங்கத்தாய் கைநாட்டு வைக்காத மனு

ஆவுடைநாயகத்தைப் போல முரண்டு பிடித்த மனுசனை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. தென்காசி தாலுகா ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைத்தோம். நான் முத்திரைத்தாள் விற்றேன். அவர் டைப்ரைட்டரில் இங்கிலீஷ் மனு அடித்துக் கொடுத்தார். மற்றவர்கள் கால் மணி நேரத்தில் முடிக்கிற மனுவுக்கு அவருக்கு அரைநாள் வேண்டும்.

எல்லாம் அவர் வைத்திருந்த ஒரு நீளநோட்டால் வந்த வினை. வாலிபத்தில் அவர் செங்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். காய்ச்சலில் கிடந்த ஒரு கூலியாளைப் பற்றி மேலே எழுதும்போது, 'வேலைக்கு வரத் தவறினான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வர மறுத்தான்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தாராம். அந்த ஆளை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மறு மாசம் இவரும் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இங்கிலீஷ் சொற்களை ஜோடி ஜோடியாக அந்த நோட்டில் எழுதி, இதற்கு இது பொருள், அதற்கு அது பொருள் என்று தமிழில் குறித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அடித்த மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். "இது உம்ம வார்த்தைதானா?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் கைநாட்டு. எனக்கு எரிச்சலாக வரும்.

சீனச் சண்டை நடந்த வருஷம் பண்பொழிக்கு ஒரு தந்தி வந்தது. பட்டாளத்தில் இருந்த சுடலைக்கண்ணுவின் வீட்டுக்கு. தந்தி என்றாலே சாவு என்று நினைக்கிற காலம். யாரும் வாசிக்கும் முன்பே பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். தாலி கழற்ற நாள்கூடப் பேசியாகிவிட்டது. சுடலைக்கண்ணுவின் அண்ணன் சுடலையாண்டி, எதற்கும் இருக்கட்டுமென்று தந்தியைக் கொண்டுவந்து ஆவுடைநாயகத்திடம் நீட்டினான்.

"மிஸ்ஸிங்னு போட்டிருக்கான்வே. காணலைன்னு அர்த்தம். செத்தான்னு போடலை," என்றார் அவர். அன்றைக்கே பண்பொழிக்குப் போய், சுடலைக்கண்ணுவின் பெண்டாட்டி தங்கத்தாயிடமும் அதையே சொன்னார். தாலி அவள் கழுத்திலேயே தங்கியது.

ஒன்றரை வருஷம் கழித்து, ஆனி மாசச் சாரலில், பட்டாளத்திலிருந்து வந்த இன்னொரு கடிதத்தோடு, சுடலையாண்டியை அழைத்துக்கொண்டு தங்கத்தாய் வந்தாள். 'பிரிஸ்யூம்ட் டெட்' என்று இருந்தது. பட்டாளத்துக் குடும்பங்களின் மனுவை வாங்க ஓர் அதிகாரி அன்றைக்குத் தாலுகா ஆபீஸுக்கு வந்திருந்தார். அன்று மனு கொடுத்தால் பென்ஷன் வரும். விட்டால் அவர் மறுபடி வர ஆறு மாசம் ஆகும். தங்கத்தாய்க்கு இரண்டு பெண்பிள்ளைகள். செங்கோட்டைச் சந்தையில் மிளகு புடைத்துத்தான் கஞ்சி. அந்த அதிகாரியோ ஐந்தருவிக் குளியலுக்கு ஜீப்பில் துண்டும் எண்ணெயும் தயாராக வைத்திருந்தார். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று பியூன் சொல்லிவிட்டான்.

மணி மூன்று. "ஆபீஸ்ல மாதிரி மனு கொடுத்திருக்கான்லா, அதப் பாத்து அடியும்வே," என்று நான்தான் விரட்டினேன். மாதிரியில் 'டிசீஸ்டு' என்று இருந்தது. அப்படியே அடித்தார். தங்கத்தாயின் பெருவிரலில் மை தடவினேன். அப்போதும் வழக்கத்தை விடாமல் தமிழில் வாசித்தார்: "செத்துப்போன என் புருசன் சுடலைக்கண்ணு…"

அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, கடுதாசியில அப்படியா இருக்கு?"

ஆவுடைநாயகம் என்னைப் பார்த்தார். ஆமாம்னு சொல்லித் தொலையும்வே என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அந்தக் குழந்தைகளை நினைத்துத்தான் கெஞ்சினேன்.

"இல்லம்மா," என்றார். "செத்திருப்பான்னு அவங்க கருதுதாங்க. கண்ணால பாத்தவன் எவனும் இல்ல."

சுடலையாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, விரல வையி. சர்க்காரே சொல்லியாச்சு. பிள்ளைகளைப் பட்டினி போடப் போறியா?"

"சர்க்காரு சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்."

மை விரலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உம்ம நோட்ட அடுப்புல போடும்வே," என்று கத்திவிட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. புதுத் தாளைச் சொருகினார். ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மூன்றே முக்காலுக்கு வாசித்தார்: "செத்துவிட்டதாகச் சர்க்கார் கருதுகிற என் புருசன் சுடலைக்கண்ணு… இது உன் வார்த்தைதானாம்மா?"

தங்கத்தாய் சற்று யோசித்தாள். "ஆமா. சர்க்காருதான கருதுது," என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

நாலு பேரும் உள்ளே ஓடினோம். அதிகாரி எழுந்து நின்றுகொண்டே மனுவை வாசித்தார். முகம் சுளித்தார்.

"மாதிரிப்படி இல்லையே. யார் எழுதியது?"

"நான்தான் சார்."

"டிசீஸ்டு என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக ஒரு வரி எழுதியிருக்கிறீர். இரண்டும் ஒன்றுதானே? மாற்றி அடித்து அடுத்த முறை கொண்டுவாரும்."

சுடலையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். ஆவுடைநாயகம் இடத்தை விட்டு நகரவில்லை.

"ஒண்ணுன்னா இந்தப் பொம்பள இப்பமே தாலியக் கழட்டணும் சார். நீங்க ஒண்ணுதான்னு அவகிட்டச் சொல்லுங்க. கழட்டிருவா."

அதிகாரி நிமிர்ந்தார். தங்கத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மை படிந்த கை தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது. கயிற்றிலும் கறுப்பு ஒட்டியிருந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கட்டுக்குள் வைத்தார்.

அவள் பண்பொழி பஸ்ஸுக்குப் போன பிறகு, ஆவுடைநாயகம் மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் டைப்ரைட்டரைத் தொடவே இல்லை. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஓய்," என்றார். "அந்த அதிகாரி அவகிட்ட ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா, நான் என்னவே செஞ்சிருப்பேன்?"