இட்லிப் பானையில் ஒரு வட்டம்

எண்பதுகளின் தொடக்கம். மலையிலிருந்து புளி இறங்கிக்கொண்டிருந்ததால் மாசியாகத்தான் இருக்கும். காவலூர் சாலைப் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பர். கழுத்துவரை பித்தான் போட்ட ஓர் ஒல்லி மனிதர் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பற்றவைக்கும் டிக் வெல்டிங் பழக வந்தார். ஆடிக்குள் கை படியாவிட்டால் வேலை கிடையாது. அந்த வேலையை மேஸ்திரி தன் மச்சானுக்கு வைத்திருந்தார்.

"இரும்பு மாதிரிதான்யா. செவக்கிற வரைக்கும் கைய எடுக்காத" என்றார் மேஸ்திரி. அலுமினியம் சிவப்பதில்லை; பளபளக்கும், மறுகணம் ஒழுகிவிடும். தெரிந்தேதான் சொன்னார். ஓட்டை விழுந்த தகடுகளை ஒல்லி மனிதர் எறியாமல் கம்பியில் கோத்துத் தன் தலைக்குமேல் தொங்கவிட்டார்.

"இன்னாய்யா, சல்லடை யாவாரமா?" என்று மேஸ்திரி தினமும் சிரிப்பார். இவர் அடுத்த தகட்டை எடுப்பார். பளபளத்ததும் கையை எடுக்கும் சூட்சுமத்தைத் தானே கண்டுபிடித்தார், வேலையும் கிடைத்தது.

பிறகு ஒருநாள் மேஸ்திரி, அடியில் விரிசல்விட்ட தன் வீட்டு அலுமினிய இட்லிப் பானையைப் பற்றவைக்கக் கொண்டுவந்தார். ஒல்லி மனிதர் வெல்டிங் டார்ச்சை விலக்காமல் ஒரே இடத்தில் பிடித்திருந்தார்.

"யோவ், போதும்யா! வுடுய்யா!"

"இன்னும் செவக்கலீங்களே, மேஸ்திரி."

பானையின் அடி உருகி விழுந்தது. பானையை இரு கைகளாலும் மரியாதையாக மேஸ்திரியிடம் நீட்டினார். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல அத்தனை ஒழுங்கான ஓட்டை. அந்த மனசைக் கண்டிப்பதா, அந்தக் கையை மெச்சுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.