‘சிஸ்டம்’ என்ற சொல்லுக்கு கனி சார் எழுதிய சீட்டு

செவ்வாய்க்கிழமைத் தபாலில் பாலக்காட்டிலிருந்து ஒரு கார்டு வந்தது. வக்கீல் படித்துவிட்டு என் மேசைமேல் வைத்தார். “அண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தாகிவிட்டார். காய்ச்சல் இறங்கவே இல்லை. சீட்டுப் பெட்டியை உங்களிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்.” கனி சாருடைய தம்பியின் கையெழுத்து. பத்து நாள் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார் சார். நாற்காலி முதுகில் அவருடைய கம்பளி மப்ளர் அப்படியே தொங்குகிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவிகுளம் கடைத்தெருவில் உள்ள எங்கள் வக்கீல் அலுவலகத்தில் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்க இருவர் இருந்தோம். கனி சார் பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம்; துணிக்கடையில் உட்கார மறுத்து மலையேறியவர். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். வேலையில் சேர்ந்த அன்று, “ஏனுங்க, இங்க அகராதி இருக்குங்களா?” என்று கேட்டேன். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

“இருக்கு அம்மிணி. ஆனா அது பாதி வழிதான் கூட வரும். மீதி நாமதான் நடக்கணும்.”

அந்த மீதி வழிக்கென்று அவர் சீட்டுகள் வைத்திருந்தார். சிகரெட் அட்டைகளை நறுக்கி, ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சில சீட்டுகளின் மூலையில் சின்னதாக ஒரு முடிச்சு வரைந்திருப்பார். பல பொருள்கள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும் எண்ணம் எந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறதோ, அதற்குத்தான் முடிச்சு. ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்றால் ஒருவரின் உடல்வாகு. நாட்டின் அரசியல் சட்டமும் அதே சொல்தான். ‘சர்க்குலேஷன்’ ரத்தத்துக்கும் உண்டு, பத்திரிகைக்கும் உண்டு. “இங்கிலீஷ்காரன் உடம்பையும் ராஜ்யத்தையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கான். ஒரு சொல்லைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, கூட என்னென்ன வருதுன்னு” என்பார்.

நான் இழுத்துப் பார்க்காமல் எழுதிய ஒரு சொல்லால்தான் அவரை முழுதாக அறிந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தேயிலை எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிக்கும் டப்பாக்களைக் கழுவிய பேச்சியம்மாள் மயங்கி விழுந்தார். வேலையில் கையாண்ட மருந்தின் நஞ்சு ‘அவருடைய சிஸ்டத்துக்குள்’ புகுந்திருப்பதாக டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அகராதியில் சிஸ்டம் என்பதற்கு முதலில் இருந்த பொருள் ‘முறை’. அன்று எங்கள் இருவர் மேசையிலும் காகிதம் குவிந்திருந்தது. “மருந்தின் விஷம் அவருடைய முறைக்குள் புகுந்துள்ளது” என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் அதே காகிதத்தோடு வந்து நின்றார். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் எஸ்டேட் கணக்கப்பிள்ளை அதை உரக்க வாசித்திருக்கிறார்.

“முறைன்னா சொந்தம்லா? ‘எந்த முறைக்காரன்ட்டி விஷம் வச்சான், மாமனா மச்சினனா’ன்னு கேட்டுச் சிரிக்காவ. வீட்டுச் சண்டையில விஷத்தைக் குடிச்சிட்டு வேலை மேல பழி போடுதேன்னு, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. குடும்பத்து மானம் போச்சுன்னு என் நாத்தனா எங்கூடப் பேச மாட்டேங்கா. நான் எங்கய்யா போவேன்?”

வக்கீல் காகிதத்தை வாங்கிப் பார்த்து, “யார் எழுதியது?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் கனி சார் எழுந்துவிட்டார்.

“என் மேசையில இருந்து போன காகிதம் சார்.”

அது பொய் இல்லை. எல்லாக் காகிதமும் அவர் மேசை வழியாகத்தான் போகும். ஆனால் உண்மையும் இல்லை. வெளியே வந்ததும், “ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“சாரமில்ல, பரவாயில்ல அம்மிணி, அதை அப்புறம் பார்ப்போம். இப்ப அந்தம்மாவோட வீடு பறிபோகக்கூடாது. தப்பை எங்க வாசிச்சாங்களோ, திருத்தத்தையும் அங்கதான் வாசிக்கணும்.”

வக்கீல் எஸ்டேட் மேனேஜருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். இரண்டு நாள் கழித்து, பனி விலகாத காலையில் நாங்கள் இருவரும் பிரட்டுக் களத்துக்கு நடந்தோம். கூடையோடு நின்ற கூட்டத்தின் நடுவில் கனி சார் வாசித்தார்: “மருந்தின் விஷம் அவர் உடம்பெங்கும் பரவியுள்ளது. அது வேலையின்போது உடம்பில் ஏறிய விஷம்.”

கணக்கப்பிள்ளை விடவில்லை. “போன வாரம் முறைன்னீரு, இந்த வாரம் உடம்புங்கீரு. அடுத்த வாரம் என்னவே, ரயில்வேயா?”

கூட்டம் சிரித்தது. கனி சாரும் சிரித்தார்.

“ரயில்வேயும் சிஸ்டம்தாங்க. எங்கயோ ஒரு ஆணி கழண்டா மொத்த வண்டியும் நிக்குது பாருங்க, அதனால. உடம்பும் அப்படித்தான். விஷம் கையில பட்டாலும் கையோட நிக்காது. இந்தத் தோட்டமும் சிஸ்டம்தான். டப்பா கழுவுற ஒரு ஆள் விழுந்தா, யாருக்கோ நடந்ததுன்னு நீங்களும் நிக்க முடியாது.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு வந்து பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் நாத்தனார். மேனேஜர் டாக்டரின் ஆங்கிலச் சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். லயம் காலி செய்ய வேண்டியதில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்.

தவறு யாருடையது என்ற பேச்சை கனி சார் பிறகு எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. இந்த மௌனத்தை இரண்டு வருடம் வசதியாக வைத்துக்கொண்டேன். கார்டு வந்த அன்றே, எழுதியது நான்தான் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றார், “கனி அந்த இடத்தில் முறை என்று எழுதமாட்டார்.”

நேற்று செய்தி கேட்டுப் பேச்சியம்மாள் நாத்தனாரோடு வந்தார். காலியான நாற்காலியில் தொங்கிய மப்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

“அடுத்தவாட்டி டவுனுக்கு வரும்போது சார்ட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் தாயி. என் சிஸ்டம் இப்ப நல்லா இருக்குன்னு.”

அவர்கள் போனபின் பெட்டியைத் திறந்து ‘சிஸ்டம்’ சீட்டைத் தேடினேன். மூலையில் முடிச்சு. கீழே கனி சாருடைய சாய்ந்த எழுத்து: “ஒழுங்கு. அமைப்பு. உடம்பு. முறை: இதுவும் சரிதான், இடம் பார்த்து.” என் தவறை அவர் கோடிட்டு அடிக்கவில்லை. அதற்கு ஓர் இடம் தேடி வைத்திருந்தார். அதன்கீழ் பேச்சியம்மாள் சொன்னதை எழுதினேன்.

பெட்டியில் இன்னும் எழுதாத சீட்டுகள் பாதிக்கு மேல் இருக்கின்றன. அவற்றை நான் முடிப்பேன். இனி என் மேசையிலிருந்து போகும் ஒவ்வொரு காகிதத்திலும் என் பெயர் இருக்கும்; தவறினால், வாசித்த இடத்துக்கே நடந்துபோய்த் திருத்துவேன்.

அமைதியாகத் தூங்குங்கள், கனி சார். மீதி வழியை நான் நடக்கிறேனுங்க.