யாருக்கும் தெரியாத மாத்திரை

பஸ் டிப்போவில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். பெண் டிரைவர் வேண்டாம் என்று நாலு பேர் மேலாளர் முன்னால் போய் நின்றபோது, ஐந்தாவது ஆளாக அவளே போய் நின்றாள். "இவங்க நாலு பேரையும் உட்கார வச்சு ஒரு ட்ரிப் ஓட்டுறேன். ஒருத்தராவது பயந்து பாதியில இறங்கினா வேலையை விட்டுடுறேன்" என்றாள். யாரும் இறங்கவில்லை. ஒருவர் தூங்கியே போய்விட்டார். அன்று முதல், யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால் அவளுக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

அவளுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. வீட்டில் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். ஒரு வரி படித்து முடிப்பதற்குள் மின்விசிறி, ஜன்னல், தன் கால் கட்டைவிரல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு வருவாள். கெட்டிக்காரி, அதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பரீட்சையில் பாதிக் கேள்விக்கு மேல் அவள் போனதே கிடையாது.

பள்ளியின் தலைமை ஆசிரியைதான் அவள் வகுப்புக்கும் டீச்சர். "கவனக்குறைவுக் கோளாறுன்னு டாக்டரே சொல்லிட்டார். மாத்திரை குடுங்க. பருவம் முடியுறதுக்குள்ள மாற்றம் தெரியலைன்னா வேற பள்ளிக்கூடம் பார்த்துக்குங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். இது வெளியிலிருந்து வந்த தலைவலி. வீட்டுக்குள் இன்னொன்று இருந்தது. கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி கடலில். அவருடைய அக்கா இவர்களோடுதான் இருந்தார். "துள்ளுற பிள்ளையை மருந்து குடுத்து மரக்கட்டை ஆக்கப்போறியா? என் தம்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

இரண்டு பேரும் அந்த மாத்திரையைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மருத்துவமனையில் இந்த மருந்தை வைத்து ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஆறு வாரத்துக்கு ஆறு பொட்டலம். சிலவற்றில் நிஜ மருந்து, சிலவற்றில் வெறும் மாவு, பார்வைக்கு எல்லாம் ஒன்றே. வாரம் முடிந்ததும் வீட்டுக்கும் பள்ளிக்கும் போன் செய்து பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்பார்கள். எந்த வாரம் எது என்பதைக் கடைசியில்தான் வெளியே சொல்வார்கள்.

"டீச்சருக்குச் சொல்லமாட்டீங்களா?"

"மாட்டோம். உங்களுக்கும் சொல்லமாட்டோம்" என்றார் டாக்டர்.

"உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கும் தெரியாதும்மா. பொட்டலம் கட்டுறவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப சரி" என்றாள் ஹாரன். "எங்க கையெழுத்துப் போடணும்?"

காலையில் முதல் பஸ் அவளுடையது. மகள் கண் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவாள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு நாத்தனாருக்குப் போனது. அவர் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டார். அந்த வாய் முணுமுணுக்காமல் இருந்தபோதே இவள் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் தலைமை ஆசிரியை புகழ்ந்து தள்ளினார். பள்ளி வாசலில் ஹாரனைப் பிடித்து நிறுத்தி, "ஆளே மாறிட்டா! நான்தான் அப்பவே சொன்னேனே! இனிமே வேற பள்ளிக்கூடம்னு பேச்சே இல்ல" என்றார். ஹாரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் வீட்டில் அவள் கண்ணுக்கு எந்த மாற்றமும் படவில்லை. பெற்ற பிள்ளையைக்கூடப் பார்க்கத் தெரியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு விடுமுறை. மாத்திரையைத் தானே எடுத்து நீட்டினாள். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"இது இல்லம்மா. அத்தை தருவாங்களே, மஞ்சளா, அது குடு. அது புளிப்பா இருக்கும், சப்பலாம்."

ஹாரன் சமையலறைக்குள் போனாள். நாத்தனார் மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"ஆமா, மாத்தினேன். நான் குடுத்தது வெறும் சத்து மாத்திரை. உன்னோடது எல்லாம் குப்பையில போச்சு. இப்ப என்ன கெட்டுப்போச்சு? மருந்தே இல்லாம பிள்ளை மாறிட்டா, அந்தம்மாவே சொல்லிட்டாங்க. வாயை மூடிட்டு இரு. பள்ளிக்கூடமும் போகாது, மருந்தும் வேணாம்."

ஹாரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட மோசம், நாத்தனார் சொன்னதில் ஒரு சௌகரியம் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் மகளின் இடம் பத்திரம். திறந்தால் அதுவும் போகலாம். ஆனால் மாத்திரை பிள்ளைக்கு உதவுமா, உதவாதா? இத்தனை கூத்துக்குப் பிறகும் அது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டு மகளை வளர்க்க அவளால் முடியாது.

மறுநாளே நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் பிள்ளையை ஆய்வுல சேர்க்க முடியாதும்மா. விலக்கித்தான் ஆகணும்."

"விலக்கிக்குங்க. உங்க ஆய்வு உங்களோட. என் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியணும். மறுபடி பொட்டலம் கட்டிக் குடுங்க."

"கட்டலாம். இந்தத் தடவை யார் குடுப்பாங்க?"

"அண்ணியேதான்" என்றாள் ஹாரன். "காலையும் மாலையும் பிள்ளை கூடவே இருக்கிறது அவங்கதான். அண்ணி, மருந்து விஷம்னா நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, கேட்டுக்குறேன். ஆனா குடுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கொடுத்தார்.

பள்ளியிலும் ஹாரனே போய்ச் சொன்னாள். தலைமை ஆசிரியைக்கு முகம் கறுத்துவிட்டது. ஆறு வாரமும் மருந்தே இல்லையென்றால், தான் கண்ட மாற்றம் என்ன ஆவது? "என்னை ஏமாத்திட்டீங்க. நான் சொன்ன வாக்கும் இனி கிடையாது. பருவம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

இரண்டாவது ஆறு வாரமும் முடிந்தது. முடிவை வெளியே சொல்வதற்கு முன்னால், மருந்து எந்த வாரங்கள் என்று டாக்டர் நாத்தனாரைக் கேட்டார். அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அந்த வாரங்கள்ல மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் ஆனா சிடுசிடுன்னு விழுவா. ஆனா புத்தகத்தை எடுத்தா முடிச்சுட்டுத்தான் கீழ வைக்கிறா" என்றார். "சொல்லவே எனக்கு வயிறு எரியுது டாக்டர். வேலை செய்யுது."

டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்தார். எடையும் உயரமும் தவறாமல் பார்க்க வேண்டும், சாப்பாடு குறைந்தால் உடனே வர வேண்டும் என்றார். அது நாத்தனாரின் பொறுப்பு. இனி அவரை மிஞ்சி ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்க முடியாது.

பள்ளிதான் பாக்கி. டாக்டருடைய போனுக்குத் தலைமை ஆசிரியை இந்த முறை ஆறு வாரமும் ஒரே பதில்தான் சொல்லியிருந்தார்: மாற்றம் இல்லை. பருவக் கடைசியில் தாயையும் மகளையும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"போன தடவை நல்லா இருந்தா, நானே சொன்னேன். இந்தத் தடவை ஒண்ணும் தெரியல. நான் என்ன செய்யட்டும்?"

ஹாரன் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"போன தடவை நீங்க என்னை முன் பெஞ்சில உட்கார வச்சீங்க டீச்சர். ரெண்டு வாரம் திட்டவே இல்ல. நான்கூட நீங்கதான் மாத்திரை போட்டுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

பிள்ளையை அதட்டி மன்னிப்புக் கேட்க வைப்பாள் என்று தலைமை ஆசிரியை ஹாரனைப் பார்த்தார். ஹாரன் பையிலிருந்து, மகள் மாத்திரை போட்டுக்கொண்டு எழுதிய பருவப் பரீட்சைத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கடைசிக் கேள்வி வரைக்கும் பதில் எழுதியிருந்தது. மார்க் போட்டிருந்ததும் அதே டீச்சர்தான்.

"அவ மாத்திரையை அவ போட்டுக்குவா டீச்சர். அது அவளோட வேலைக்கு. உங்க வேலைக்கும் சேர்த்து அவ முழுங்க முடியாது. முன் பெஞ்சைத் திருப்பிக் குடுங்க. அதுவரைக்கும் நான் இங்கயிருந்து எழுந்திருக்கமாட்டேன்."

அடுத்த ட்ரிப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. தலைமை ஆசிரியை தாளைப் புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"போ" என்றார் கடைசியில், பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல். "போய் முன்னாடி உட்காரு."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் பம்பரம்.